மண்டோர் வேலைக்கு யார் பெயரை எழுதுவது?



லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அவருடைய மகனுக்கு வயது இருபத்தாறு. எஸ்.பி.எம். வரை படித்தவன். நான்கு ஆண்டுகளாகத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான். போன மாதம் நிர்வாகி அவனைக் கூப்பிட்டு, "வெளிக்காட்டு மண்டோராகப் போட யோசிக்கிறோம், வீட்டில் பேசிவிட்டு வா" என்றாராம். வீட்டில் பேசியதில்தான் தகராறு. அவன் தந்தை ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். "மேலே இருப்பவனும் ஏசுவான், கீழே இருப்பவனும் ஏசுவான். டிராக்டர் ஓட்டினால் சாயங்காலம் நிம்மதியாகத் தூங்கலாம்" என்பது அவர் வாதம். மகள் அதே தோட்டத்து ஆலையில் எடை மேடையில் வேலை செய்கிறாளாம். அவளைப் பற்றி அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் மகனைப் பற்றித்தான். கடைசியில் கேட்கிறார்: "இவன் நாலு பேரை வைத்து வேலை வாங்கத் தகுதியானவன்தானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது ஐயா?"

சகோதரி, இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நானே பதில் எழுதி, அதில் தவறியவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர் பேசுவதில் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

நியாயம் இருக்கிறது. நம் தோட்டங்களில் தலைமை என்பது வந்த வழி அப்படி. ஆரம்பத்தில் கங்காணிதான் எல்லாம். அவர் ஊருக்குப் போய் ஆள் பிடித்துக் கப்பலேற்றி வந்தார். அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கினால் அவருக்குத் தலைக்காசு. மரத்தை அறிந்தவரா, மனிதனை அறிந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை தலை கொண்டுவந்தார் என்பதே கணக்கு. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியதும் அந்த முறைக்கு வேரறுந்தது. ஆனால் அதன் வாசனை போக வெகு காலம் ஆயிற்று. எனக்கு விவரம் தெரிந்த நாளிலும் மண்டோர் மகன் மண்டோர், அவர் மச்சான் பால் ஸ்டோரில், தம்பி காவலாளி என்றுதான் பல இடங்களில் நடந்தது. யார் கையில் உளி நன்றாகப் பேசும், யார் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டுவார் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளுக்கும் மண்டோர் வேலைக்கும் சம்பந்தம் இருக்காது.

மண்டோருக்கு மேலே இன்னொரு சுவர் இருந்தது. கிராணி, கண்டக்டர் வேலைகள் பெரும்பாலும் மலையாளிகளுக்கும் யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும். துரை வேலை வெள்ளைக்காரருக்கு. பால்மரத்தடியில் பிறந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவனுடைய ஏணி மண்டோரோடு முடிந்தது. கெட்டிக்காரனுக்கு வழி அடைத்தால் என்ன ஆகும்? 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தங்களைப் பாருங்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வும் இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வியும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது! கடைசியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அன்று லயங்களில் முன்னால் நின்று பேசியவர்களை எந்த நிர்வாகமும் தேடிக் கண்டுபிடித்திருக்கவில்லை. சனம்தான் கண்டுபிடித்தது.

போருக்குப் பிறகும் அப்படித்தான். தனித்தனியாகக் கிடந்த சங்கங்கள் 1954-இல் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் பொதுச் செயலாளராக இருந்த பி. பி. நாராயணன் அவர்களுக்கு 1962-இல் மணிலாவின் மகசேசே விருது கிடைத்தது. 1975-இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கே தலைவரானார். தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து உலக சபைக்கு! 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு சனம் தெருவில் நின்ற காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகை அல்ல. அதை ஒருவர் கையில் நம்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அந்த ஆள் எப்பேர்ப்பட்டவராக இருக்க வேண்டும்? ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஓர் ஆள் இருந்தார். அவர் பெரும்பாலும் மண்டோர் அல்ல.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சின்னக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் வேலை. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போடுவதே ஒரு தனி வேலை. பெண்கள்தான் பெரும்பாலும் செய்தார்கள். மரம் மரமாகப் போய், பெண் பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து, தூளை ஊத வேண்டும். நாள் தவறினால் குலை சரியாகப் பிடிக்காது.

அந்தக் கும்பலில் ஓர் அக்காள் இருந்தார். பெயர் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தவர். பழைய சீமைப்பால் டின் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில், எந்த நிரையில் எந்த மரம் எந்தக் கிழமை விரியும் என்று தானே குறித்து வைத்திருப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. புதிதாக வரும் பெண்கள் மண்டோரிடம் கேட்க மாட்டார்கள், அவரிடம்தான் கேட்பார்கள். ஒரு நாள் என்னிடம் வந்து, "ஐயா, நேற்று மூன்று நிரை விட்டுப் போச்சு. மழை என்று நான்தான் எல்லாரையும் கரையேறச் சொன்னேன். மற்றவர்கள் பெயரை வெட்ட வேண்டாம், என் பெயரை வெட்டுங்கள்" என்றார். நான் சிரித்துக்கொண்டே அவர் அரைநாள் பெயரை வெட்டினேன். விதிப்படி நடந்துகொண்டேன் என்று எனக்குப் பெருமை வேறு!

1978-இல் அந்தக் கும்பலுக்கு மண்டோர் தேவைப்பட்டது. நிர்வாகி என்னிடம், "உனக்குத்தான் ஆட்களைத் தெரியும், ஒரு பெயர் எழுதிக் கொடு" என்றார். எழுதினேன். என் சித்தப்பா மகன் பெயரை. அவன் நல்லவன்தான், தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் முன்னணி ஆட்டக்காரன், குரல் பெரியது, பிரட்டுக் களத்தில் நின்று கூப்பிட்டால் கடைசி லயம் வரை கேட்கும். அந்த அக்காளின் பெயர் என் மனதில் வராமல் இல்லை. வந்தது. "பெண்பிள்ளையை மண்டோராகப் போட்டால் சிரிப்பார்களே" என்று நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டேன். நிர்வாகியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு 1981 வந்தது. குளுவாங் பமோல் தோட்டத்தில் ஆப்பிரிக்கா காமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை விட்டார்கள். நம் நாட்டில் செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலம். காமரூனில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி அங்கே பூவில் வண்டுகள் மொய்ப்பதைக் கண்டவர். இங்கே ஏன் கையால் போட வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை அவர் விடவில்லை. ரகுமான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து, அந்த வண்டுதான் வேலையைச் செய்கிறது என்று காட்டினார். வண்டை விட்டதும் அது நாடு முழுவதும் பரவியது. குலை தானாகப் பிடித்தது. மகரந்தம் போடும் கும்பல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. (அந்த அக்காளும் ஒருமுறை என்னிடம், "ஆண் பூவில் சின்னப் பூச்சி இருக்கிறதே, அது என்ன செய்யும்?" என்று கேட்டதுண்டு. அது வேறு பூச்சியாக இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு எதற்கு அதெல்லாம்?")

கும்பல் கலைந்தது. என் சித்தப்பா மகனை வெட்டுக் கும்பலுக்கு மாற்றினார்கள். அங்கே அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. யாரும் அவனுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை என்பதும் உண்மைதான். தொப்பியும் நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான் பயிற்சி. இரண்டு வருடத்தில் குடியும் சண்டையுமாகி வேலையை விட்டான். அவனைப் பெரியவனாக்குவதாக நினைத்து நான் செய்த காரியம் அவனைத்தான் முதலில் கெடுத்தது.

அந்த அக்காள் ஜொகூர் பாருவில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு குளுவாங் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கையில் பை, கழுத்தில் தொழிற்சாலை அட்டை. நாற்பது பெண்களுக்கு லைன் லீடராம். "எப்படி அக்கா?" என்றேன். "சேர்ந்த ஐந்தாவது மாதம் சீனத்தி சூப்பர்வைசர் ஒருத்தி கூப்பிட்டு, 'எல்லாரும் உன்னிடம்தானே கேட்கிறார்கள், நீயே பாரேன்' என்றாள்" என்றார். ஐந்து மாதம்! நான் ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி, சகோதரி. எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

குரலை வைத்து அல்ல. உடம்பை வைத்தும் அல்ல. நிறையக் குலை வெட்டுகிறவன் நல்ல வெட்டுக்காரன். அவனை மண்டோராக்கினால் தோட்டம் ஒரு நல்ல வெட்டுக்காரனை இழக்கும், ஒரு நல்ல மண்டோர் கிடைப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உங்கள் மகன் டிராக்டரை ஓரம் கட்டியிருக்கும் நேரத்தில் கவனியுங்கள். வண்டி கெட்டால் மற்ற ஓட்டுநர்கள் அவனைத் தேடி வருகிறார்களா? அவன் தவறு செய்த நாளில் வீட்டுக்கு வந்து யாரைக் குறை சொல்கிறான்? வண்டியை, மழையை, மண்டோரை, எல்லாரையும் சொல்லிவிட்டுத் தன்னை மட்டும் விட்டுவிடுகிறானா? குலை ஏற்றிய பிறகு மரத்தடியில் கிடக்கும் உதிரிப்பழத்தைப் பார்த்தும் பாராமல் போகிறானா, அல்லது அவனுக்கு அது உறுத்துகிறதா? உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். குனிந்து பொறுக்கத்தான் ஆள் இல்லை.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது, அது உங்கள் தோட்டத்திலேயே நடக்கும். கோவில் திருவிழாக் கணக்கு. ஒரு வருடம் அந்தக் கணக்குப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வசூல், செலவு, பாக்கி, யார் மனத்தாங்கல், யாருக்கு முதல் மரியாதை, பந்தல்காரனுக்கு எப்போது பணம் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை ஊர் நடுவில் திறந்து வைத்து முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தெரிந்தவன் எந்தக் கும்பலையும் நடத்துவான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போக முடியாத நம் ஆட்களுக்குக் கோவில் கமிட்டியும் இளைஞர் மணிமன்றமும்தான் கல்லூரி. பேசப் பழகியது, எழுதப் பழகியது, ஓட்டெடுப்பில் தோற்றும் மறுநாள் சேர்ந்து வேலை செய்யப் பழகியது எல்லாம் அங்கேதான்.

ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. என் சித்தப்பா மகன் கதையை மறந்துவிடாதீர்கள். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். முளையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனபடியால் நிர்வாகியிடம் மகன் மரியாதையாகச் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடனே மண்டோர் என்று போடாமல் மூன்று மாதமோ ஆறு மாதமோ அக்டிங் மண்டோராகப் போட முடியுமா? அந்தக் காலத்துக்குப் படி உண்டா? சரிப்படாவிட்டால் பழைய டிராக்டர் வேலைக்கு மானத்தோடு திரும்பலாமா? பழைய மண்டோர் ஒருவர் கூடவே நடந்து சொல்லிக் கொடுப்பாரா? பதிலை வாயால் வாங்கி வர வேண்டாம், எழுத்தில் வாங்கி வரட்டும். புதிய வேலை எந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்தில் வருகிறது என்பதையும் சங்கத்து ஆளிடம் முதலிலேயே விசாரித்துக்கொள்ளட்டும். சம்பளம் ஏறியது என்று சந்தோஷப்பட்டு, ஓவர்டைம் போனது பிறகு தெரிந்து முழிப்பவர்கள் உண்டு.

அடுத்தது காகிதம். எங்கள் காலத்தில் அனுபவம் பேசும் என்பார்கள். இன்று அனுபவமும் சான்றிதழோடு வந்தால்தான் பேச விடுகிறார்கள். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் பற்றி உங்கள் மகனுக்குத் தெரியுமா? வகுப்பில் உட்கார்ந்து படித்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பல வருடம் செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்துப் பெறும் வழியும் இருக்கிறது. மலாயில் அதை பி.பி.தி. என்பார்கள். திறன் மேம்பாட்டு இலாகாவில் கேட்டால் சொல்வார்கள். மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது அதற்கும் மேல். இதற்காக அவன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: செய்த வேலையின் படம், பயிற்சிக் கடிதம், பழுது பார்த்த குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது.

செலவு யார் தலையில் என்கிறீர்களா? மனிதவள மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. 2021 மார்ச் முதல் அது தோட்டத் துறைக்கும் விரிந்தது. பத்து மலேசியத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி கணக்கில் கட்ட வேண்டும். அது முதலாளி கட்டுவது. தொழிலாளி சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அந்தப் பணம் பயிற்சிக்காகவே இருக்கிறது. கேட்கிற ஆளுக்கு முன்னுரிமை கிடைக்கும், கேட்காதவனை யார் தேடி வருவார்கள்? நிர்வாகியாகவே ஆக ஆசை இருந்தால், 1919-இல் தொடங்கிய ஐ.எஸ்.பி. என்னும் தோட்ட நிர்வாகிகள் சங்கம் நடத்தும் பரீட்சைகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். துரைமார்கள் தங்களுக்காக ஏற்படுத்திய சங்கம் அது. ஒரு காலத்தில் அவர்களுக்குத் தமிழிலும் பரீட்சை வைத்தார்கள். இப்போது நம் பிள்ளைகள் அதன் மற்றப் பரீட்சைகளை எழுதுவது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்கு வருகிறேன். இன்று உங்கள் மகனின் கும்பலில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருப்பார்கள். "நம் சனம் என்றாலாவது பரவாயில்லை, இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணனிடம் என் சார்பாகச் சொல்லுங்கள்: நம் தாத்தாவும் ஒரு நாள் பாஷை தெரியாமல், தகரப் பெட்டியோடு இந்த மண்ணில் வந்து இறங்கியவர்தான். அப்போது அவரிடம் ஒரு மண்டோர் எப்படி நடந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு மலாய் நன்றாக வேண்டும், அவர்கள் பாஷையில் பத்து வார்த்தை வேண்டும். முக்கியமாக, குலை எண்ணிக்கையில் ஒரு குலை கூட ஒருவன் கணக்கிலிருந்து இன்னொருவன் கணக்குக்கு நகரக் கூடாது. அவர்களுக்கு நம் பாஷை தெரியாவிட்டாலும் தங்கள் குலைக் கணக்கு நன்றாகத் தெரியும். கைபேசியில் எண்ணிப் பதியும் முறை வந்துவிட்ட தோட்டங்களில்கூட விரலை வைப்பவன் மனிதன்தானே.

ஏச்சு இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கும். முதல் ஆறு மாதம் பழைய கூட்டாளிகள் அவனோடு டீ குடிக்க வர மாட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் வீட்டில் யாராவது அவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கு அவன் தந்தையை விடப் பொருத்தமான ஆள் யார்? வேண்டாம் என்று சொல்பவருக்குத்தான் அந்த வேலையின் கஷ்டம் முழுவதும் தெரிந்திருக்கிறது.

என் எண்ணத்தைக் கேட்டால், அக்டிங் மண்டோராகப் போய்ப் பார்க்கட்டும் என்பேன். மேலே சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். உங்கள் மகள் எடை மேடையில் எத்தனை வருடமாக வேலை செய்கிறாள்? லாரிக்காரர்கள் எடையில் தகராறு செய்தால் யார் தீர்த்து வைக்கிறார்கள்? அவள் லீவு போட்ட நாளில் அங்கே வேலை எப்படி நடக்கிறது? அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதுங்கள்.